ஆற்றிலே போட்ட இரும்பு

போன மார்கழியில் விருத்தாசலத்திலிருந்து அத்தை போன் செய்தார். குரலில் அப்படி ஒரு துக்கம். யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப் போனேன்.

"கொல்லையில இருந்த இரும்பு அடுப்பு வெடிச்சுப் போச்சுடா!"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அந்த அடுப்பு என் தாத்தா வாங்கியது. வார்ப்பிரும்பு. நாலு கால், கனமான சுவர், உள்ளே சல்லடைத் தட்டு, அடியில் சாம்பல் விழும் அறை. தாத்தா காலத்தில் அதில் எரிந்தது லெக்கோ. நாற்பதைத் தாண்டியவர்கள் தலையாட்டுவீர்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைச் சுட்டு, புகையைக் குறைத்து, கட்டிகளாக்கி விற்ற எரிபொருள். லெக்கோ போய், மண்ணெண்ணெய் போய், கேஸ் வந்தும் அத்தை அந்த அடுப்பை விடவில்லை. சமையல் கேஸில், குளிக்க வெந்நீர் மட்டும் கொல்லையில் விறகில்.

அன்றைக்குக் காலையில் அண்டா சரிந்து, கொதிக்கிற அடுப்பின் மேல் பச்சைத் தண்ணீர் கொட்டிவிட்டது. 'டிக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வாயிலிருந்து அடிவரை ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல்.

வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். ஐந்து நிமிஷத்தில் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் விறகு வைத்ததும் மறுபடியும் 'டிக்'! பற்ற வைத்த இடம் உறுதியாகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு விரிசல்.

"இரும்புன்னு சொல்லி ஏமாத்திட்டாங்களாடா உன் தாத்தாவை?" என்றார் அத்தை.

இல்லை. இரும்பின் குணமே அதுதான்.

நாம் பொதுவாக 'இரும்பு' என்று சொல்வதில் பல ஜாதி உண்டு. கொல்லர் அடித்து நீட்டுகிற தேனிரும்பில் கரி அநேகமாக இல்லை. அடித்தால் வளையும், உடையாது. வார்ப்பிரும்பில் கரி இரண்டிலிருந்து நான்கு சதவிகிதம் வரை இருக்கிறது. அதனால் ஒரு பெரிய லாபம்: சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும், வார்ப்பிரும்பு 1,200 டிகிரிக்குள்ளேயே தண்ணீராக ஓடும். அச்சில் ஊற்றினால் அடுப்பு, தூண், பீரங்கி... என்ன வேண்டுமோ அது. சீனாக்காரர்கள் இந்த வித்தையை 2,000 வருடங்களுக்கு முன்பே செய்தார்கள்.

நஷ்டமும் அந்தக் கரியால்தான். அது இரும்புக்குள்ளே மெல்லிய செதில் செதிலாக ஒதுங்கி நிற்கிறது. ஒவ்வொரு செதிலும் பிறவியிலேயே உள்ள ஒரு கீறல் மாதிரி. அழுத்தினால் வார்ப்பிரும்பு யானை பலம். இழுத்தால் பிளந்துவிடும். சூடானால் இரும்பு விரியும். 500 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் வார்ப்பிரும்பு சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். எல்லா இடமும் ஒரே மாதிரி நீண்டால் பிரச்னை இல்லை. ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் பச்சைத் தண்ணீர் என்றால்? நீள நினைக்கிற பகுதியைச் சுருங்குகிற பகுதி இழுக்கும். இழுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே சொன்னேனே!

வெல்டிங்கில் நடந்ததும் இதேதான். பற்ற வைத்த இடம் மட்டும் உருகுகிற சூடு, சுற்றிலும் குளிர்ச்சி. வார்ப்பிரும்பை முறையாகப் பற்ற வைப்பவர்கள் முதலில் விரிசலின் நுனியில் ஒரு துளை போடுவார்கள். விரிசல் மேலும் ஓடாமல் அந்தத் துளை தடுத்து நிறுத்தும். அப்புறம் விரிசலை 'வி' வடிவத்தில் குடைந்து, மொத்தப் பொருளையும் சூடாக்கி, நிக்கல் ராடால் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்ற வைத்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து ஒருநாள் முழுக்க ஆறவிடுவார்கள். இத்தனையும் ஐந்து நிமிஷத்தில் ஆகிற காரியமா?

சரி, இவ்வளவு சுலபமாக உடைகிற பொருளை ஏன் அடுப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள்? காரணம் காசு. 1709-ல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேல் என்ற ஊரில் ஆபிரகாம் டார்பி, மரக்கரிக்குப் பதில் நிலக்கரியிலிருந்து செய்த கோக்கைப் போட்டு இரும்பு உருக்கிக் காட்டினார். அதன்பிறகு மெள்ள மெள்ள வார்ப்பிரும்பு விலை மலிந்து வீட்டுக்குள் வந்தது.

அமெரிக்காவில் அடுப்பு விஷயத்தில் மண்டையை உடைத்துக் கொண்டவர், மின்னலோடு விளையாடிய அதே பெஞ்சமின் ஃபிராங்க்ளின். சுவரில் குடைந்த கணப்பில் எரிக்கிற விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். 1740-களின் தொடக்கத்தில் வார்ப்பிரும்புத் தகடுகளால் ஒரு அடுப்பு செய்தார். 1744-ல் அதை விளக்கி ஒரு சிறு புத்தகமே போட்டார். பென்சில்வேனியா கவர்னர் பேட்டன்ட் தருகிறேன் என்றார். ஃபிராங்க்ளின் வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்களின் கண்டுபிடிப்புகளால் நாம் பயனடைகிறோம், நம்முடையதையும் சும்மா கொடுப்போம் என்பது அவர் கொள்கை. லண்டனில் ஒரு இரும்பு வியாபாரி அந்த அடுப்பில் சில்லறை மாறுதல்கள் செய்து, தன் பெயரில் பேட்டன்ட் வாங்கி, நல்ல காசு பார்த்தார். இதை ஃபிராங்க்ளினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நான் பி.காம். படித்தவன். பேட்டன்ட் வாங்கியிருந்தால் பிழைத்திருப்பாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வாங்கியவர் கதையைத் தெரிந்துகொள்ளும் வரை!

அந்தக் கதை நடந்தது நம் தென்னாற்காட்டில். அதுவும் விருத்தாசலத்துத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில்.

'ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடுற மாதிரி' என்று சொல்கிறோமே, அந்த ஆறு விருத்தாசலத்தில்தான் ஓடுகிறது. மணிமுத்தாறு. பழமலைநாதர் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் இந்த ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது ஐதீகம். பொன் எப்படிப் போனதோ, தண்ணீர் போகும் வழி நமக்குத் தெரியும். மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கும். வெள்ளாறு கடலில் சேர்வது பரங்கிப்பேட்டையில். விருத்தாசலத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

அந்தப் பரங்கிப்பேட்டையில் 1830-ல் ஒரு இரும்பு ஆலை எழுந்தது. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கிய முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று. கட்டியவர் ஜோசயா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். சேலத்தில் வேலை பார்த்தபோது அங்கே மலை மலையாகக் கிடக்கும் இரும்புக் கல்லைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. வேலையை விட்டார். இங்கிலாந்து போய்த் தொழில் கற்றுத் திரும்பினார். கம்பெனி அரசு கடன் கொடுத்தது, உரிமையும் கொடுத்தது. பரங்கிப்பேட்டையில் வார்த்த இரும்புக் கட்டிகள் கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போயின.

இரும்பு தரமானது. கணக்குதான் உதைத்தது. டார்பியின் நாட்டில் கோக் இருந்தது. ஹீத்திடம் இருந்தது மரக்கரி மட்டும். உலை ஒரு பகாசுரன். பக்கத்துக் காடு தீர்ந்ததும் அடுத்த காடு, அது தீர்ந்ததும் இன்னும் தொலைவு. கரி வண்டி தூரம் போகப் போக இரும்பின் விலை ஏறியது. கம்பெனி கை மாறியது, பெயர் மாறியது. 1860-களில் உலை அணைந்தே போனது.

இதில் ஒரு சோகம். அதே தென்னாற்காட்டு மண்ணுக்கு அடியில், பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருநாள் மாட்டுவண்டிப் பயணத்தில், கோடிக்கணக்கான டன் பழுப்பு நிலக்கரி படுத்துக் கிடந்தது. அது வெளியே தெரிந்தது 1930-களில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் போட்ட ஆழ்துளைக் கிணற்றில். 1956-ல் நெய்வேலி நிறுவனம் பிறந்தது. பழுப்பு நிலக்கரியை அப்படியே உலையில் போட முடியாதுதான். அதைச் சுட்டுக் கரியாக்க வேண்டும். அப்படிச் சுட்டு எடுத்ததுதான் எங்கள் அத்தை வீட்டு லெக்கோ!

இரும்பில் தோற்ற ஹீத், எஃகில் ஜெயித்தார். 1839-ல் ஒரு பேட்டன்ட் வாங்கினார். உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும், அது நன்றாகப் பற்றவும் பற்றும். ஷெஃபீல்டு தொழிலுக்கே இது வரப்பிரசாதம். ஆனால் அவருடைய ஏஜென்ட்டாக இருந்த அன்வின் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஹீத் சொன்னபடி மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே சேர்த்து ஒரு பொருளாகச் செய்ய வேண்டாம், இரண்டையும் தனித்தனியாக உலைப் பாத்திரத்தில் போட்டால் உள்ளேயே சேர்ந்துகொள்ளும். செலவும் கம்மி, பேட்டன்ட்டில் எழுதியிருக்கும் வார்த்தைக்குள்ளும் வராது! வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 1851-ல் ஹீத் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது... அன்வினுக்குச் சாதகமாக.

பேட்டன்ட் வேண்டாம் என்றவருக்கும் நாமம். வாங்கியவருக்கும் நாமம். எஃகைப் பற்ற வைக்க வழி சொன்னவர் பரங்கிப்பேட்டையில் வார்த்ததெல்லாம் பற்ற வைக்க லாயக்கில்லாத வார்ப்பிரும்பு என்பது இன்னொரு வேடிக்கை.

ஆனால் ஹீத் நமக்கு ஒரு உபகாரம் செய்துவிட்டுப் போனார். நம் ஊர்க் கொல்லர்கள் எஃகு செய்வதைக் கூர்ந்து பார்த்து எழுதி வைத்தார். 'ஊட்ஸ்' என்று உலகமெல்லாம் பெயர் வாங்கியதே, அந்த எஃகு. இரும்புத் துண்டுகளை ஒரு மண் மூசையில் போடுவார்கள். கூடவே நறுக்கிய ஆவாரங்குச்சி. மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபது, இருபத்தைந்து மூசைகளை அடுக்கி, துருத்தி ஊதி, சுமார் இரண்டரை மணி நேரம் நெருப்பு. உள்ளே இரும்பு உருகும். மூசை மட்டும் உருகாது, வெடிக்காது.

எப்படி? அதை ஹீத்தே குறித்திருக்கிறார். மூசை செய்கிற மண்ணில் கரித்த நெல் உமியைத் தாராளமாகக் கலந்திருந்தார்கள். ஒரு உலகப் புகழ் எஃகின் ரகசியத்தில் பாதி இரும்பில் இல்லை, அதைத் தாங்கிய மண்ணில் இருந்தது.

இந்தக் கதையெல்லாம் நான் தேடிப் படித்தது பிற்பாடு. எனக்கு அடுப்பைப் பற்றி முதல் பாடம் எடுத்தவர், அத்தை தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெரியவர். செராமிக் சூளையில் முப்பது வருஷம் வெந்தவர்.

விருத்தாசலத்துக்குச் செராமிக் நகரம் என்று பெயர் வந்ததற்குச் சுற்றுவட்டாரத்துக் களிமண் காரணம். நெய்வேலியில் நிலக்கரியைத் தோண்டினால் அதற்கு மேலே வெள்ளைக் களிமண் வரும். அதை நம்பித்தான் இங்கே செராமிக் தொழிற்பேட்டையும் அரசுத் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் வந்தன. பீங்கான் பொம்மை, மின்சாரச் சாமான்கள் என்று வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் சூளைக்குப் போன ஊர்.

பெரியவர் அடுப்பைச் சுற்றி வந்தார். விரலால் விரிசலைத் தடவினார்.

"தம்பி, இது கொல்லையில இருக்கிறதால சொல்றேன். ரூமுக்குள்ள வச்சு எரிக்கிற மூடின அடுப்புல இப்படி விரிஞ்சா தூக்கிப் போட்டுடணும். புகை உள்ள கசிஞ்சா ஆளையே கொன்னுடும்."

"அப்ப இதை ஒட்ட முடியுமாங்கய்யா?"

"எதுக்கு ஒட்டணும்? இரும்பு விரியத்தான் செய்யும். நெருப்பை அதுகிட்ட நேரா போகவிடாம பண்ணுங்க. போதும்."

அவர் செய்தது இதுதான். விரிசலின் இரண்டு நுனியிலும் துளை போடச் சொன்னார். வெளிப்பக்கம் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டி, போல்ட் போட்டு முடுக்கியது. பட்டியில் போல்ட் துளையை வட்டமாகப் போடாமல் நீளவாக்கில் போடச் சொன்னார், சூட்டில் அடுப்பு நீளும்போது போல்ட் நகர இடம் வேண்டுமாம். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி எடுத்தார். தீக்களிமண் தூளோடு, உடைந்த செராமிக் சில்லை இடித்துச் சலித்த பொடியைக் கலந்தார். தண்ணீரோடு கொஞ்சம் சோடியம் சிலிக்கேட் கரைசல். பிசைந்து விரிசலில் அழுத்தி அடைத்தார். உள்சுவர் முழுக்க, உமி கலந்த அதே மண்ணை ஒரு அங்குல கனத்துக்குப் பூசினார்.

"உடைஞ்ச சில்லு எதுக்குங்கய்யா?"

"அது ஏற்கெனவே ஒரு தடவை வெந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிச்சது. பச்சை மண்ணு மட்டும் போட்டா காயும்போதே வெடிச்சிரும். உடைஞ்சது கூட இருந்தாதான் புதுசு உடையாம நிக்கும்."

உமி ஏன் என்று நான் கேட்கவில்லை. அத்தையே பதில் சொன்னார். "எங்கம்மா மண்ணடுப்பு போடும்போது உமி போடாம பிசையவே மாட்டாங்க." சேலத்துக் கொல்லரின் மூசையும் எங்கள் பாட்டியின் மண்ணடுப்பும் ஒரே பாடம் படித்திருக்கின்றன!

இரண்டு நாள் நிழலில் காய்ந்தது. மூன்றாம் நாள் வெறும் சருகு நெருப்பு. நான்காம் நாள் சுள்ளி. அப்புறம்தான் விறகு. மொத்தச் செலவு, ஒரு குடும்பம் ஹோட்டலில் காலை டிபன் சாப்பிடுகிற காசைவிடக் குறைவு. பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். "இதுக்குப் போயி..." என்றார்.

அந்த 'இதுக்குப் போயி' தான் என்னை உறுத்துகிறது.

அடுப்பைக் கண்டுபிடித்தவர்கள் பட்டியல் நீளமானது. நம் நாட்டிலேயே ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் டாக்டர் எஸ்.பி.ராஜு, புகையில்லா அடுப்பு பற்றி 1953-ல் புத்தகம் எழுதினார். மத்திய அரசு 1983-ல் ஒரு பெரிய திட்டத்தையே ஆரம்பித்தது. மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம். ஏறக்குறைய இருபது வருடத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டித் தள்ளினார்கள். 2002-ல் டெல்லி அதைக் கைகழுவி மாநிலங்களிடம் விட்டது. காரணங்கள் பல. அதில் முக்கியமானது, விரிசல் விட்ட அடுப்பையும் அடைத்துக்கொண்ட புகைபோக்கியையும் சரிசெய்ய ஆள் இல்லை. கட்டிய அடுப்புக்குக் கணக்கு இருந்தது. பழுது பார்த்த அடுப்புக்கு இல்லை.

பிற்பாடு ஒடிசாவில் எஸ்தர் டஃப்லோ, ரேமா ஹன்னா, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள், புது அடுப்பு வாங்கிய குடும்பங்களை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி! அடுப்பு பழுதானது, சரிசெய்யவில்லை, ஓரமாகப் போய்விட்டது. எஸ்தர் டஃப்லோ 2019-ல் நோபல் பரிசு வாங்கினார்.

இது ஏதோ அடுப்படி சமாசாரம் இல்லை. வீட்டுக்குள் எரிக்கிற புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெண்களும் குழந்தைகளும்தான் அந்தப் புகைக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள். 2016-க்குப் பிறகு உஜ்வலா சிலிண்டர்கள் வந்தாலும், சிலிண்டர் விலையைப் பார்த்துவிட்டு விறகுக்குத் திரும்புகிற வீடுகள் கிராமத்தில் நிறைய.

காமர்ஸ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்வேன். ஒரு பெட்டிக்கடைக் கணக்குப் புத்தகத்தில்கூட 'ரிப்பேர், பராமரிப்பு' என்று ஒரு தலைப்பு இருக்கும். அந்த வரியில் ஒரு தொகை எழுதாமல் எந்த மெஷினையும் வாங்காதே என்பது முதல் வருடப் பாடம். மூன்று கோடி அடுப்பு கட்டிய கணக்கில் அந்த வரியைத்தான் காணோம். அடுப்புக்கு மானியம் கொடுத்தவர்கள், ஊருக்கு ஒரு பெரியவருக்கு மாதம் ஒரு சின்ன சம்பளம் கொடுத்திருந்தால் பாதி அடுப்பாவது இன்றைக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிற வேலைதான் இது. சுந்தரருக்குக் கிடைத்தது. நமக்குக் கிடைக்கவில்லை. புது டிசைனை டெல்லியில் தேடினோம், ஐரோப்பாவில் தேடினோம். உமியும் மண்ணும் கலக்கத் தெரிந்த கை அதே தெருவின் கோடியில் இருந்தது. அந்தக் கை தன் வேலையை 'இதுக்குப் போயி' என்று நினைக்கும்படி செய்துவிட்டோம். அவருக்குப் பிறகு அந்தக் கலவை யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். பெரியவரின் பையன் திருப்பூரில் இருக்கிறானாம்.

போன வாரம் அத்தை போன் செய்தார். மறுபடியும் அடுப்பு விஷயம்.

"உள்பூச்சுல மயிர் மாதிரி ஒரு கீறல் விட்டிருக்குடா."

"பெரியவரைக் கூப்பிட்டியா?"

"எதுக்கு? ஒரு கைப்பிடி உமியும் மண்ணும் குழைச்சு நானே பூசிட்டேன். அவரு பண்ணும்போது பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்!"